கேரலுக்குப் புறப்படும் முன் ஒரு வீட்டுப் பட்டியல்

கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்குப் பேரவை கூடும். அங்கே முதலில் வரும் கேள்வி, "கேரல் எந்தத் தேதியில இருந்து?" என்பதுதான். கேரல் என்றால், கிறிஸ்துமஸை ஒட்டி வீடு வீடாகப் போய்ப் பாடி வாழ்த்துவது. குடில் யார் போடுவது, நள்ளிரவுத் திருப்பலிக்குப் பந்தல் வேண்டுமா, மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு என்ன பரிசு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. தூத்துக்குடியில் எந்தப் பங்கில் போய்க் கேட்டாலும் ஏறக்குறைய இதே வரிசைதான் இருக்கும். அன்பியத்துக்கு, அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவுக்கு, பொறுப்பாளராகவும் பிறகு பேரவை உறுப்பினராகவும் இருந்து நான் பார்த்த வரையில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக் கால வேலைகளில் மிகவும் அலுப்பானதும் இந்தக் கேரல்தான், மிகவும் பலன் தருவதும் இதுதான். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு. வர முடியாதவர்களின் வாசலுக்குப் போவது கேரல் ஒன்றுதான். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் தேதி. 2026-இல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 29. அடுத்த ஞாயிறுகள் டிசம்பர் 6, 13, 20. கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை. இந்த நான்கு வாரமும் பீடத்தில் ஊதா நிறம், ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை, பூ அலங்காரம்கூடக் குறைவு. டிசம்பர் 17 முதல் 24 வரையுள்ள நாள்களில்தான் வழிபாட்டின் வாசகங்களும் செபங்களும் நேராக ஆண்டவரின் பிறப்பின் பக்கம் திரும்புகின்றன. எங்கள் பங்கில் கேரலையும் 17-ஆம் தேதியே தொடங்குகிறோம். "பக்கத்துப் பங்குல ஒண்ணாந்தேதியே ஆரம்பிச்சிட்டாங்களே" என்று இளைஞர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். பாலன் பிறந்துவிட்டார் என்று டிசம்பர் முதல் வாரத்திலேயே தெருவெல்லாம் பாடித் தீர்த்துவிட்டால், 24 இரவுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்பதுதான் என் பதில். காத்திருக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 17-க்கும் 23-க்கும் இடையில்தான் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை இரவு பத்து மணி வரை தெருவில் வைத்திருக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. அதனால் பாடகர் குழுவை மட்டும் நம்பாமல் ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒரு பாடும் குழு வேண்டும். நடுவயதுப் பெண்கள், வேலை முடிந்து வரும் அண்ணன்மார், ஓய்வுபெற்றவர்கள் என்று பத்துப் பேர் போதும். நவம்பரிலேயே நான்கு பாட்டை எடுத்துப் பழகச் சொல்லிவிடுவோம். நன்றாகப் பாடுகிறவர்கள் வேண்டும் என்பதில்லை, வரிகள் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் வேண்டும். இருட்டில், மழைத் தூறலில், போன் வெளிச்சத்தில் பாட்டுத் தாளைத் தேடுகிற குழு எந்த வீட்டிலும் ஒரு பாட்டை முழுதாகப் பாடாது.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். ஓர் அன்பியத்தில் முப்பது வீடு என்று வையுங்கள். பாட்டு, சிறு வாசகம், செபம், வாழ்த்து என்று வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலே இரண்டரை மணி நேரம். நடக்கிற நேரமும், யாராவது சுக்குக் காப்பியும் மக்ரூனும் தந்து உட்கார வைக்கிற நேரமும் சேர்ந்தால் நான்கு மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் கிளம்பினால்தான் 10 மணிக்குள் முடியும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. ஒலிபெருக்கி வைத்த லோடு ஆட்டோவோடு போவதாக இருந்தால் காவல் நிலையத்தில் முன்னதாகவே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் அலைவது வீண்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெரும்பாலான பங்குகளில் கேரல் கோவிலை ஒட்டிய தெருவிலிருந்து தொடங்கும். அங்கே மூன்று பாட்டு, ஆட்டம், கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் உண்டு. கடைசித் தெருவுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. குரல் போயிருக்கும், டிரம் அடிக்கிற பையன் வீட்டுக்குப் போயிருப்பான், அவசரமாக ஒரு பாட்டின் பாதியைப் பாடிவிட்டு வாழ்த்துச் சொல்லிக் கிளம்புவார்கள். கடைசித் தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு இந்தப் பாதிப் பாட்டுதான். பேரவையில் நான் விடாமல் கேட்டு மாற்றிய ஒன்று இது. இப்போது எங்கள் பட்டியல் தலைகீழாக ஓடுகிறது. கடைசித் தெருதான் முதலில். கோவிலை ஒட்டி இருப்பவர்களுக்கு நேரம் பற்றாமல் போனால் குற்றமில்லை, அவர்கள் தினமும் மணியோசை கேட்கிறவர்கள்.

அடுத்தது காசு. கேரலோடு ரசீதுப் புத்தகமும் போவது பல இடங்களில் பழக்கம். பாட்டு முடிந்ததும் ஒருவர் உறையை நீட்டுவார். அதில் வருகிற பணத்தில்தான் மைக் செட் வாடகை, பரிசுப் பொருள், கேக் எல்லாம் ஓடும். எங்கள் ஊரில் டிசம்பர் என்ன மாதம் என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசி மழை தொடங்கியதுமே உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தை, மாசியில் பாத்தி திருத்தித் திரும்பத் தொடங்கும் வரை உப்பளத் தொழிலாளர் வீட்டில் வருமானம் இல்லை. கடலில் புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையில் நிற்கும், மீனவர் வீடுகளிலும் அதே கதை. ஆண்டிலேயே கை மிகவும் காய்ந்திருக்கிற மாதத்தில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க உறையை நீட்டினால் அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கியாவது போடுவார். அல்லது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்துவிடுவார். கேரல் வரும்போது விளக்கணைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஆள் இருந்தது.

அதனால் எங்கள் பங்கில் கேரலோடு ரசீதுப் புத்தகம் போவதில்லை. கேரல் செலவுக்குத் திருவருகைக் காலத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் கோவில் வாசலில் ஓர் உண்டியல். முடிந்தவர்கள் போடுவார்கள், யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வசூல் குறையும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். குறைந்தது உண்மைதான். செலவைக் குறைத்துக்கொண்டோம். ஒலிபெருக்கியை விட்டுவிட்டு கிட்டார், கஞ்சிரா, கைத்தட்டலோடு போனதில் வாடகையில் பெரும்பகுதி மிச்சமானது. வீடுகளில் பேச்சும் அதிகமானது. பாட்டு முடிந்த பிறகு அண்ணாச்சி, மதினி என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேச முடிகிறது என்றால் அதற்கு மைக் இல்லாததுதான் காரணம்.

இப்போது பட்டியல். வெறும் வீட்டு எண்ணும் குடும்பத் தலைவர் பெயரும் போதாது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் அன்பியப் பொறுப்பாளர் வீடு வீடாகப் போய்ச் சில விவரங்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். படுக்கையில் இருப்பவர் யார், தனியாக வாழும் முதியவர் யார், கைக்குழந்தை எங்கே, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை எங்கே, தினமும் மருந்து எடுப்பவர் யார், யார் வீட்டில் இந்த ஆண்டு சாவு விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி பாட்டு மாறும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் டிரம் இல்லை, முகமூடி போட்ட தாத்தாவும் இல்லை. படிக்கிற பிள்ளை இருந்தால் முதல் ஆளாகப் போய்விட்டு வந்துவிட வேண்டும், அப்புறம் அவன் நிம்மதியாகப் படிப்பான்.

படுக்கையில் இருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அன்பியத்தில் ஓர் ஆச்சி, முன்பு பல ஆண்டுகள் கோவிலில் பாடியவர். இடுப்பு எலும்பு முறிந்து உள்ளறையிலேயே இருந்தார். கேரல் வந்தால் முற்றத்தில் நின்று பாடுவார்கள், மருமகள் வாசலில் நின்று கேட்பார், ஆச்சி காதுக்கு வெறும் இரைச்சல்தான் போகும். ஒரு முறை மருமகளிடம் சொல்லி அனுப்பினார்: "அந்தக் கொட்டு மேளத்த வெளியிலயே வச்சிட்டு நாலு பேரு உள்ள வாங்கன்னு சொல்லு." நால்வர் போனோம். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடினோம். இரண்டாவது அடியில் நாங்கள் ராகத்தை விட்டுவிட்டோம், அவர் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது இப்படிப்பட்ட வீடுகளுக்கென்றே தனியாக ஒரு சிறு குழு, பகல் வேளையில் போகிறது. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் நாளோடு சேர்த்துக்கொண்டால் பங்குச் சாமியாரும் கூட வருவார். டிசம்பர் 24-க்குள் முடிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. கிறிஸ்துமஸ் காலம் ஜனவரியில் வரும் திருக்காட்சி விழாவையும் தாண்டி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. 26-ஆம் தேதி யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அன்று போய் நின்று பாருங்கள், எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் தெரியுமா!

சாவு விழுந்த வீடு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. அந்த ஆண்டு அவர்கள் ஸ்டார் தொங்கவிட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். கேரல் குழு அந்த வாசலை மட்டும் பாட்டை நிறுத்திவிட்டு ஓசையில்லாமல் தாண்டிப் போகும். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டில் பாட்டு, எதிர்வீட்டில் பாட்டு, தங்கள் வாசலில் மட்டும் இல்லை. அதற்காகக் கேட்காமல் போய் ஆடிப் பாடுவதும் முறையல்ல. முந்தின நாளே ஒருவர் போய், "நாளைக்கு நாலு பேர் வந்து ஒரு செபம் சொல்லிட்டுப் போகவா?" என்று கேட்டுவிடுவது நல்லது. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலும் வரச் சொல்வார்கள். இறந்தவர் பெயரைச் சொல்லிச் செபித்துவிட்டு, மென்மையான ஒரு பாட்டு. வாழ்த்து அட்டை, மிட்டாய், தாத்தா எதுவும் வேண்டாம்.

தெருவில் இந்து, இஸ்லாமிய வீடுகளும் இருக்கும். வாசலில் வந்து நின்று கேட்கிறவர்களுக்கு நின்று பாடுங்கள், கூப்பிட்டால் உள்ளே போங்கள். கூப்பிடாத வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். கேக் கொடுக்கிறதென்றால் முட்டை சேர்ந்ததா இல்லையா என்று சொல்லிக் கொடுப்பது மரியாதை.

இந்த நோட்டு எதற்குப் பயன்படும் என்பது 2023-இல் எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. 1923-இல் உருவான எங்கள் மறைமாவட்டத்துக்கு அது நூற்றாண்டு, அதனால் கேரலுக்கும் பெரிய ஏற்பாடு. அந்த ஆண்டு டிசம்பர் 17 திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றுகிற மகிழ்ச்சி ஞாயிறு. அன்றுதான் மழை பிடித்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்திருந்தது. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் பல ஊர்கள் துண்டிக்கப்பட்டன. தூத்துக்குடியில் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பங்கு வளாகத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தோம். சோறு இருந்தது, யாருக்கு முதலில் கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் கேரல் நோட்டுகள் வெளியே வந்தன. தனியாக இருக்கும் முதியவர், எழுந்து நடக்க முடியாதவர், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், கைக்குழந்தை எல்லாமே தெரு வாரியாக எழுதப்பட்டிருந்தது. பாட்டுக் குழுவாகப் பிரித்திருந்த அதே பத்துப் பேர் கயிறும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த வீடு, எந்த அறை என்று அவர்களுக்குத் தெரியும். கிறிஸ்தவர் அல்லாத அண்டை வீட்டாரையும் அந்த வீட்டுக்காரர்களே காட்டிக்கொடுத்தார்கள்.

அதிலிருந்து இரண்டு பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறோம். பட்டியலைப் போனில் மட்டும் வைப்பதில்லை, பேனாவால் எழுதிய ஒரு படி பிளாஸ்டிக் உறையில் பங்கு அலுவலகத்தில் இருக்கும். கேரலுக்கு மழைத் திட்டம் ஒன்றும் உண்டு. எந்தத் தெரு முதலில் தண்ணீர் கட்டும், மழை வந்தால் எந்த நாளுக்கு மாற்றுவது என்பது நவம்பரிலேயே முடிவாகிவிடும்.

மற்ற ஏற்பாடுகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழைக் குடும்பங்களுக்குத் துணி கொடுப்பதாக இருந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்குள் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் நடுவில் தையல்காரர்கள் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். 20-ஆம் தேதி மேடையில் வைத்துக் கொடுத்த துணி, பொங்கலுக்குத்தான் உடலுக்கு வரும். தையல் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். மேடையும் போட்டோவும் வேண்டாம். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இரவில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும், பிள்ளைகள் பள்ளியில் தலை நிமிர்ந்து அந்தச் சட்டையைப் போடும்.

திருவருகைக் கால மெழுகுதிரி வளையத்துக்கு ஊசியிலைக் கிளை தேடி அலைய வேண்டாம், நம் கடற்கரைச் சவுக்கே பார்க்க அப்படித்தான் இருக்கும், எளிதில் வாடாது. ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளைப் பராமரித்த விகெர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரி வைத்ததுதான் இதன் தொடக்கம். பிள்ளைகளுக்காக வந்ததைப் பிள்ளைகளே ஏற்றட்டும். மின்விசிறிக் காற்றுக்குக் கண்ணாடிச் சிமினி ஒன்று வாங்கி வையுங்கள்.

குடிலில் பச்சைப் புல்வெளி வேண்டுமென்றால், முளைப்பாரி போடுகிறவர்களிடம் கேட்டுத் தட்டுகளில் கேழ்வரகை 14-ஆம் தேதி வாக்கில் விதைத்துவிடுங்கள். 24-க்குச் சரியாக இருக்கும். வைக்கோலும் சீரியல் லைட்டும் சேருகிற இடத்தில் மெழுகுதிரி கூடவே கூடாது. ஒட்டுப்போட்ட வயர் இருந்தால் மாற்றிவிடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பாலனைக் கிடத்தும் தீவனத் தொட்டியான முன்னிட்டியைக் காலியாக வைத்து, பிள்ளைகள் ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் போடுகிற பழக்கத்தை மறைக்கல்வி ஆசிரியர்கள் கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவ அறிக்கைக்கு, பக்கத்துப் பங்குச் சாமியார்களை அழைக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு வேலை நாள் மாலை நல்லது. 24 மாலைக்குத் தள்ளினால் வரிசையும் நிற்கும், சாமியாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது.

இன்னொன்று. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளில் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். பின்வரிசையில் நின்று திருப்பலி கண்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். மொழி தெரியாததால் நாமும் பேசுவதில்லை. ஓர் ஆண்டு அவர்களைக் கேரலுக்குக் கூட வரச் சொன்னோம். எங்கிருந்தோ ஒரு மாந்தர் மேளத்தைத் தேடிக்கொண்டு வந்து, அவர்கள் மொழியில் பாடி, வரிசையாகக் கை கோத்து ஆடினார்கள். தெருப் பிள்ளைகள் அவர்களை விடவே இல்லை. நள்ளிரவுத் திருப்பலியில் ஒரு மன்றாட்டை இந்தியில் வாசிக்கவும் அவர்களில் ஒருவரையே கேட்டுக்கொண்டோம். முதலில் வெளியே நிற்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரை நியமியுங்கள், மற்றது தானாக நடக்கும்.

கடைசியாக, ஜனவரி வேலை. குடிலைப் பிரித்து வாடகைச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்ததும், வரவு செலவைத் திருப்பலி முடிவில் வாசித்துவிடுங்கள். பிறகு பேரவைக் கூட்டத்தில் வீட்டு நோட்டையும் சரிபார்த்து, புதிதாகக் குடிவந்தவர்களைச் சேர்த்து, அடுத்த ஆண்டுக்கான பொறுப்பாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். பொறுப்பாளர் மாறினால் நோட்டு அவர் வீட்டுப் பரணுக்குப் போய்விடும். நவம்பரில் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.